பின்சில்லுக்கு டிரம்மா, டிஸ்க்கா? பழைய எம்.ஜி.பி. ஒன்றை முன்வைத்து ஓர் ஒப்பீடு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் பின் டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டிஸ்க் பிரேக் பூட்டலாமா என்று யோசிப்பவர் முதலில் தன் காரின் முன்சில்லைப் பார்க்க வேண்டும். டிரம் என்பது சில்லுடன் சுழலும் கிண்ணம்; அதன் உட்புறத்தில் ஷூக்கள் அழுத்திப் பிடிக்கும். டிஸ்க் என்பது சில்லுடன் சுழலும் தட்டு; அதைக் கலிப்பர் என்ற கவ்வி தன் பாட்டுகளால் இருபக்கமும் பிடிக்கும். முன்னால் ஏற்கெனவே டிஸ்க் இருந்தால், இந்தக் கேள்வி காரை நிறுத்தும் வலுவைப் பற்றியதாக இருப்பதைவிடப் பராமரிப்பு, உதிரிப்பாகம், பணம் ஆகியவற்றைப் பற்றியதாகவே பெரும்பாலும் இருக்கும். முன்னாலும் டிரம்தான் என்றால் பின்சில்லைப் பற்றிய பேச்சையே ஒத்திவைத்துவிட்டு முன்சில்லுக்கு டிஸ்க் பூட்டும் வேலையைத் தொடங்குவது நல்லது. பிரித்தானிய எம்.ஜி. நிறுவனத்திடமிருந்து 1955 முதல் 1959 வரை வந்த எம்.ஜி.ஏ. 1500 இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் இன்றும் ஓடித் திரியும் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40-உம் ஸ்போர்ட்ஸ் கார்கள் அல்ல என்றாலும், அவற்றை வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான் பொருந்தும்.

இங்கே அதே நிறுவனத்தின் எம்.ஜி.பி.யை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அது இந்தக் கேள்வி மிக அதிகமாக எழும் கார்களில் ஒன்று என்பதுதான். 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட அந்தக் காருக்கு உதிரிப்பாகங்கள் இன்றும் பிரித்தானியாவில் புதிதாகச் செய்யப்படுகின்றன. முன்னால் டிஸ்க், பின்னால் 10 அங்குல விட்டமுள்ள டிரம் என்பதே அதன் அமைப்பு. பின்னால் டிஸ்க் பூட்டத் தெரியாமல் தயாரிப்பாளர்கள் அப்படி விட்டுவிட்டார்கள் என்று எண்ணக் கூடாது. 1958இல் வந்த எம்.ஜி.ஏ. ட்வின் காமில் நான்கு சில்லுகளிலும் டன்லொப் டிஸ்க் இருந்தது. 1961இல் வந்த ஜாகுவார் ஈ-ரைப்பிலும் அப்படியே. எல்லாவற்றுக்கும் மேலாக, 1973இல் 3.5 லீற்றர் வி8 எஞ்சினை வைத்து 137 குதிரைவலுவுடன் எம்.ஜி.பி. ஜி.ரி. வி8 வெளிவந்தபோது, முன் டிஸ்க்கைத் தடிப்பாக்கி, மிதிக்கும் காலுக்கு உதவும் சேர்வோவையும் சேர்த்தார்களே தவிர, பின் டிரம்மை மாற்றவில்லை. சாதாரண நான்கு சிலிண்டர் எம்.ஜி.பி.க்குப் பின் டிஸ்க் கட்டாயம் என்று வாதிடுபவர் இந்த வி8 காருக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும்.

அந்த விளக்கம் எளிதில் கிடைக்காததற்குக் காரணம் காரின் பாரம் நகரும் விதம். எம்.ஜி.பி.யின் இரண்டு அக்சில்களுக்கும் இடைப்பட்ட தூரம் 91 அங்குலம், அதாவது 2.31 மீற்றர். புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறத்தாழ அரை மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், காய்ந்த வீதியில் கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது காரின் மொத்தப் பாரத்தில் சுமார் 17 வீதம் பின்னிருந்து முன்னே நகர்ந்துவிடுகிறது. நிற்கும்போது ஏறத்தாழப் பாதிப் பாரத்தைத் தாங்கும் பின்சில்லுகள் அந்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே தாங்குகின்றன. அந்த மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வேலையைப் பின் பிரேக்கிடம் கேட்டால், சில்லு சுழல்வது நின்று ரயர் தரையில் இழுபடும். முன்சில்லுக்கு முன்பாகப் பின்சில்லு இழுபடத் தொடங்கினால் காரின் பின்பகுதி பக்கவாட்டில் திரும்பிவிடும். ஆகையால் வலுக்கூடிய பின் பிரேக் என்பது இந்த வகைக் காருக்கு வரமாக அமையாது. நல்ல நிலையில் இருக்கும் 10 அங்குல டிரம்மே, பின் ரயரை இழுபட வைக்கும் அளவுக்குப் பிடிக்கக்கூடியது. காரை நிறுத்தும் தூரத்தைக் கடைசியில் தீர்மானிப்பது ரயருக்கும் வீதிக்கும் இடையிலுள்ள பிடிமானம்தான் என்பதால், பின்னால் டிஸ்க் பூட்டினால் கார் முன்னையதைவிடக் கிட்டத்தில் நிற்கும் என்று எவரும் உறுதியளிக்க முடியாது.

டிஸ்க்கின் உண்மையான மேன்மை வெப்பத்தில் இருக்கிறது. டிரம் சூடாகும்போது வெளிநோக்கி விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது, அதனால் பெடல் கீழே போகிறது. டிஸ்க்கோ சூடானால் தடித்துப் பாட்டை நோக்கி வருகிறது. திறந்தவெளியில் சுழல்வதால் டிஸ்க் விரைவாகக் குளிர்ந்தும் விடுகிறது. இது யாழ்ப்பாணத்தில் ஓடும் காருக்கு எவ்வளவு தூரம் பொருட்படுத்த வேண்டியது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். இரண்டு பேருடன் சுமார் 1,100 கிலோகிராம் பாரமுள்ள கார், நகர எல்லைக்கு வெளியே சட்டம் அனுமதிக்கும் மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்திலிருந்து முற்றாக நிற்கும்போது வெளியேற்ற வேண்டிய சக்தி ஏறத்தாழ 208 கிலோயூல். அதில் மூன்றில் ஒரு பங்கு பின்சில்லுகளுக்கு என்றால் ஒரு டிரம்முக்கு 35 கிலோயூல் வரும். வார்ப்பிரும்பு டிரம் ஒன்று ஐந்து கிலோகிராம் என்று கொண்டால், ஒரு முறை நிறுத்துவதில் அதன் வெப்பநிலை ஏறக்குறைய 15 பாகை சென்ரிகிரேட்டால் உயரும். காங்கேசன்துறை வீதியிலோ பலாலி வீதியிலோ துவிச்சக்கர வண்டிக்கும் மாட்டுக்கும் ஓட்டோவுக்கும் மாறிமாறிப் பிரேக் பிடித்தாலும், இடையில் டிரம் ஆறுவதற்குப் போதிய நேரம் கிடைக்கிறது. குடாநாடு முழுவதிலும் நீண்ட இறக்கம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

மலைநாட்டுக்குப் போகிறவரின் கணக்கு வேறு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலும் கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலும் இருப்பதால், அங்கிருந்து இறங்கி வரும் இதே கார் ஏறக்குறைய 14.8 மெகாயூல் சக்தியை எங்கேயாவது விட்டாக வேண்டும். அது மணிக்கு 70 கிலோமீற்றரிலிருந்து எழுபது தடவை முழுமையாக நிறுத்துவதற்குச் சமம். எஞ்சினின் எதிர்ப்பும் காற்றும் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும் என்றாலும், மூன்றாம் கியரிலோ நான்காம் கியரிலோ விட்டுப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குபவருக்கு டிரம் சூடாகிப் பெடல் தாழ்வது நிச்சயம். ஆனால் அந்த இறக்கத்தில் பின் டிரம்முக்கு முன்பே கெட்டுப்போகக் கூடியது பிரேக் ஒயில் என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும். டொட் 4 வகைப் பிரேக் ஒயிலுக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 பாகை. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 155 பாகை வரை இறங்கலாம். கடல் சூழ்ந்த இந்த ஊரின் ஈரக்காற்றில் பல ஆண்டுகளாக மாற்றப்படாத ஒயிலுடன் றம்பொடை இறக்கத்தில் இறங்கினால், முன் கலிப்பருக்குள் அது கொதித்து, நான்கு சில்லுகளிலும் டிஸ்க் இருந்தாலும் பெடல் வெறுமையாகத் தரையைத் தொடும்.

முன்னே இருக்கும் தெரிவுகளில் முதலாவது, இருக்கும் டிரம்மை முறையாகப் புதுப்பிப்பது. இதை ஒரு தெரிவாகவே பலர் கருதுவதில்லை; தேய்ந்து, ஒயில் கசிந்து, பத்து வருடம் கவனிக்கப்படாத டிரம்மைப் புத்தம்புதிய டிஸ்க்குடன் ஒப்பிட்டுவிட்டு, டிஸ்க்தான் சிறந்தது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். புதிதுக்குப் புதிதை ஒப்பிட்டால்தான் அது ஒப்பீடு. பெடல் தாழ்வாக இருக்கிறது என்ற முறைப்பாட்டுடன் வரும் எம்.ஜி.பி.க்களில் பலவற்றுக்குத் தேவைப்படுவது ஷூவைச் சரிசெய்வது மட்டுமே. இந்தக் காரின் பின் டிரம் தானாகத் தன்னைச் சரிசெய்துகொள்வதில்லை. ஷூக்களைத் தாங்கும் அசையாத தட்டான பின்தட்டின் வெளிப்புறத்தில் சதுரத் தலையுள்ள சிறிய திருகு ஒன்று இருக்கும். சில்லைத் தூக்கிவைத்து, அது கையால் சுழற்ற முடியாதபடி இறுகும் வரை அதைத் திருப்பி, பிறகு சில்லு தாராளமாகச் சுழலும் வரை ஒரு சொடுக்கு, இரண்டு சொடுக்கு என்று பின்னோக்கி விட வேண்டும். உப்புக் காற்றில் துருவேறி இறுகிப்போன அந்தத் திருகைச் சாதாரண ஸ்பானரால் திருப்பப் போனால் சதுர முனைகள் உருண்டுவிடும். அதற்கென்று உள்ள சதுரவாய்ச் சாவியும், முதல் நாள் இரவே ஊற்றிவைத்த துரு நீக்கும் ஒயிலும் தேவை.

டிரம்மைக் கழற்றியவுடன் பார்க்க வேண்டியது, ஷூ படும் பகுதிக்கும் வெளி விளிம்புக்கும் இடையில் நகத்தில் தட்டுப்படும் வரம்பு. அது எவ்வளவு உயரமாக இருக்கிறதோ அவ்வளவு உலோகம் தேய்ந்துபோயிருக்கிறது என்று பொருள். உள்விட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு இடங்களில் அளந்து, இரண்டும் ஒத்துவராவிட்டால் லேத்தில் கடைய வேண்டும்; 10 அங்குல டிரம் ஒன்றை விட்டத்தில் 0.060 அங்குலத்துக்கு, அதாவது ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் கடையக் கூடாது என்பது பொதுவான எல்லை. கடைந்த டிரம்மின் வளைவு பெரிதாகிவிடுவதால் பழைய வளைவிலுள்ள ஷூ நடுவில் மட்டுமே படும். ஷூவின் உராயும் படலமான லைனிங்கையும் அதற்கேற்றபடி உராய்ந்து கொடுக்கும் பட்டறையைத் தேடிப் பிடிப்பது அவசியம். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும் என்பதால் டிரம்முக்குள் சேர்ந்த தூளைக் காற்றழுத்தக் குழாயால் ஊதுவதை, அது எவ்வளவு நாள் பழக்கமாக இருந்தாலும், விட்டுவிட்டு ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். ஷூவில் கருமையாக ஒட்டும் ஒயில் இருந்தால் அது பிரேக் ஒயிலா, அக்சில் சீல் வழியாக வந்த கியர் ஒயிலா என்று பிரித்தறிய வேண்டும். பின்னதாயின் சீலை மாற்றாமல் டிரம்மைப் புதுப்பித்தாலும் டிஸ்க் பூட்டினாலும் பலன் ஒன்றுதான், சில மாதங்களில் மீண்டும் நனையும்.

புதிய வீல் சிலிண்டர் (ஷூவைத் தள்ளும் சிறு உருளை), ஷூ, ஸ்பிரிங், ஹாண்ட் பிரேக் கேபிள், ரப்பர் ஹோஸ் என்று இதற்குத் தேவையான எல்லாவற்றையும் லண்டனிலிருந்து வரும் உறவினர் ஒருவர் தன் பெட்டியின் ஒரு மூலையில் வைத்துக் கொண்டுவந்துவிடலாம். வேலையோ நம்மூர் மெக்கானிக்குகளுக்குக் கைவந்த வேலை. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஏ40-களை மண்ணெண்ணெயில் ஓடவைத்துக் காப்பாற்றிய அந்தத் தலைமுறைக்கும் அவர்களிடம் தொழில் பழகியவர்களுக்கும், டிரம் பிரேக் ஒன்றைக் காதால் கேட்டே அதன் குறையைச் சொல்லத் தெரியும். இந்தக் கைத்திறன் ஊரில் இருக்கும் வரை டிரம்மைப் பேணுவது மலிவானது. அது எப்போதும் இருக்கும் என்று எண்ணி முடிவெடுக்கக் கூடாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். இளைய மெக்கானிக் ஒருவருக்கு கலிப்பரில் பாட் மாற்றுவது அரைமணி நேர வேலை, டிரம் ஸ்பிரிங் கோப்பது புதிராக இருக்கலாம்.

இரண்டாவது தெரிவு, டிரம்மை அப்படியே வைத்துக்கொண்டு, டிஸ்க்குக்குச் செலவிடவிருந்த பணத்தைப் பிரேக் அமைப்பின் வேறு பகுதிகளில் போடுவது. என் கணிப்பில் பெரும்பாலானவர்களுக்கு ஏற்றது இதுவே. அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட எம்.ஜி.பி.க்களில் 1968 மாதிரியிலிருந்தே, பெடலின் அழுத்தத்தை ஒயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் இரட்டைச் சுற்றாக இருந்தது. பிரித்தானியச் சந்தைக்கான கார்களிலோ 1970களின் பிற்பகுதி வரை ஒற்றைச் சுற்றுத்தான். ஒற்றைச் சுற்று என்றால் நான்கு சில்லுகளுக்கும் ஒரே குழாய்வழி. ஏதாவது ஒரு சில்லின் ஹோஸ் வெடித்தாலோ ஒரு சிலிண்டர் கசிந்தாலோ முழுக் காரின் பிரேக்கும் ஒரே மிதியில் போய்விடும். வலதுபக்கம் ஸ்ரியரிங் உள்ள பழைய எம்.ஜி.பி. இங்கே இருந்தால் அது பெரும்பாலும் இந்த வகையாகவே இருக்கும். பின்னால் டிஸ்க் பூட்டிய ஒற்றைச் சுற்றுக் காரைவிட, பின்னால் டிரம் உள்ள இரட்டைச் சுற்றுக் கார் பல மடங்கு பாதுகாப்பானது. அத்துடன் துருப்பிடித்த இரும்புக் குழாய்களை அகற்றிச் செம்பு-நிக்கல் குழாய் போடுவதும், முன் கலிப்பர்களைக் கழற்றி பிஸ்டன்களையும் சீல்களையும் மாற்றுவதும், நல்ல தரமான முன் பாட் வாங்குவதும், பழைய இறுகிய ரயர்களை மாற்றுவதும் சேர்ந்தால், கார் நிற்கும் விதத்தில் ஏற்படும் மாற்றத்தை ஓட்டுபவர் முதல் நாளிலேயே உணர்வார். மேல் வரிகள் தேயாமல் நன்றாக இருக்கின்றன என்று பதினைந்து வருட ரயருடன் ஓடும் பழைய கார்கள் ஊரில் உண்டு. அவற்றுக்கு எந்தப் பிரேக் பூட்டியும் பயனில்லை.

சேர்வோவைப் பற்றி ஒரு வார்த்தை. அது கால் கொடுக்கும் அழுத்தத்தைக் குறைக்குமே தவிரப் பிடிமானத்தைக் கூட்டாது. கால் வலிக்கிறது என்பவர் பூட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவது தெரிவு பிரித்தானியாவில் இந்தக் காருக்கென்றே செய்து விற்கப்படும் பின் டிஸ்க் தொகுதி. டிஸ்க், கலிப்பர், பிராக்கெட், ஹோஸ், ஹாண்ட் பிரேக் கேபிள் எல்லாம் ஒன்றாக வரும். பின்தட்டைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்களிலேயே பிராக்கெட் பூட்டப்படுவதால் அக்சிலில் வெட்டவோ ஒட்டவோ வேண்டியதில்லை. விரும்பினால் பழைய நிலைக்குத் திரும்பவும் முடியும். வாங்கும் முன் அக்சில் எந்த வகை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். திறந்த வகைக் கார்களில் ஏறத்தாழ 1967 வரை நடுவில் உருண்டு பருத்த பான்ஜோ அக்சிலும் அதன்பின் குழாய் வகை அக்சிலும் வந்தன. ஒன்றுக்கான தொகுதி மற்றதற்குப் பொருந்தாது. கம்பிச் சில்லு உள்ள காருக்கான தொகுதியும் சாதாரண சில்லுக்கானதும் வேறுவேறு. டிஸ்க்கின் நடுப்பகுதி, சில்லு பூட்டப்படும் ஹப்புக்கும் சில்லுக்கும் இடையில் புகும்போது, அது டிரம்மின் முகத்தைவிடத் தடிப்பாக இருந்தால் அந்தத் தடிப்பளவுக்குச் சில்லு வெளியே தள்ளப்படும். எம்.ஜி.பி.யின் பின் மட்காட்டுக்குள் இடம் ஏற்கெனவே மட்டுமட்டானது. அதிலும் இடதுபக்க ரயர் விளிம்பில் உராய்வது இந்தக் காரை அறிந்தவர்கள் எல்லோரும் அறிந்த குறை. ஆகவே இடதுபக்கத்தில் ரயருக்கும் தகரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து வைத்துக்கொண்டு, தொகுதி சில்லை எத்தனை மில்லிமீற்றர் வெளியே தள்ளும் என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

இந்தத் தெரிவின் பெரிய சுமை விலையும் கொண்டுவரும் செலவும்தான். வார்ப்பிரும்பு டிஸ்க் இரண்டும் கலிப்பர் இரண்டும் உறவினரின் பெட்டியில் அடங்கும் பாரமல்ல; கப்பலிலோ விமானத்திலோ அனுப்பினால் அனுப்பும் கூலிக்கு மேல் சுங்கத் தீர்வையும் 18 வீதப் பெறுமதி சேர் வரியும் வரும். எல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது டிரம்மைப் புதுப்பிக்கும் செலவைப் போலப் பல மடங்காகிவிடும். வாங்கும் விலையைவிட அதிகமாக யோசிக்க வேண்டியது ஐந்து வருடங்களுக்குப் பின் வரும் தேவை. தொகுதியில் உள்ள கலிப்பரும் டிஸ்க்கும் எந்தக் காருடையவை என்று விற்பவர் சொல்ல மறுத்தால், அதாவது தேய்ந்த டிஸ்க்குக்கு மீண்டும் அவரிடமே போக வேண்டும் என்றால், அதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

நான்காவது தெரிவு, இலங்கையில் தாராளமாகக் கிடைக்கும் ஜப்பானியக் கார் ஒன்றின் பின் கலிப்பரையும் டிஸ்க்கையும் எடுத்து, உள்ளூரில் பிராக்கெட் செய்து பூட்டுவது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழித்த வாகனங்களின் பாகங்கள் விற்கும் கடைகளில் இவை இரண்டும் சோடியாகக் கிடைக்கும். எம்.ஜி.பி.யின் சாதாரண சில்லின் நான்கு போல்ட்களும் 4.5 அங்குல வட்டத்தில், அதாவது 114.3 மில்லிமீற்றர் வட்டத்தில் அமைந்தவை. பழைய ஜப்பானியக் கார்கள் பலவற்றிலும் இதே அளவு என்பதால் போல்ட் துளைகள் தாமாகவே பொருந்திவிடும், நடுத்துளையை மட்டும் ஹப்புக்கேற்ப லேத்தில் கடைந்தால் போதும். இந்தப் பொருத்தம் பலருக்கு ஆசை காட்டுகிறது. உதிரிப்பாகம் என்றென்றும் உள்ளூரில் கிடைக்கும் என்பதும் உண்மையே.

ஆயினும் கணக்குப் பார்க்காமல் கைக்குக் கிடைத்த கலிப்பரைப் பூட்டுவது ஆபத்து. வீல் சிலிண்டரின் விட்டம் 20 மில்லிமீற்றர் என்று எடுத்துக்கொள்வோம். டிரம்முக்குள் ஒரு ஷூவைச் சுழற்சியே இழுத்து இறுக்குவதால், சிலிண்டர் தள்ளும் விசையைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு உராய்வு விசை கிடைக்கிறது. அதை டிரம்மின் ஆரையான 127 மில்லிமீற்றரால் பெருக்கினால், குழாயில் ஒவ்வொரு பார் அழுத்தத்துக்கும் ஒரு சில்லில் 8 முதல் 10 நியூட்டன் மீற்றர் வரை நிறுத்தும் முறுக்கு கிடைக்கும். டிஸ்க்கில் அந்தத் தன்னிறுக்கம் இல்லை. பிஸ்டன்தான் பெரிதாக வேண்டும். சராசரி ஆரை 105 மில்லிமீற்றர் உள்ள டிஸ்க்கில், சாதாரண பாட்டுடன், 38 மில்லிமீற்றர் பிஸ்டன் ஒரு பாருக்கு ஏறத்தாழ 9 நியூட்டன் மீற்றர் தருகிறது; 34 மில்லிமீற்றர் பிஸ்டன் 7.3 அளவிலும், 43 மில்லிமீற்றர் பிஸ்டன் 11.6 அளவிலும் தருகின்றன. அதாவது 38 மில்லிமீற்றருக்கு அண்மித்த கலிப்பர் பழைய சமநிலையை ஏறக்குறையக் காப்பாற்றும். 34 மில்லிமீற்றர் என்றால் பின் பிரேக் முன்னையதைவிட மெலிவாகும். பெரிய வாகனம் ஒன்றிலிருந்து கழற்றிய 43 மில்லிமீற்றர் கலிப்பரோ, பாரம் குறைந்த பின்சில்லை முதலில் இழுபடச் செய்யும். கடைக்காரர் "பெரிசு நல்லா பிடிக்கும்" என்று சொல்வார். அவர் சொல்வது உண்மை, அதனால்தான் அதை வாங்கக் கூடாது.

பிராக்கெட்டை அக்சில் குழாயில் ஒட்டுவதை எவர் பரிந்துரைத்தாலும் ஏற்கக் கூடாது. வெப்பத்தில் குழாய் வளைந்தால் பெயாரிங்கும் சீலும் போகும். தடித்த இரும்புத் தகட்டில் வெட்டி, பின்தட்டின் போல்ட்களில் பூட்டுவதே முறை. கலிப்பரின் காற்று விடும் நிப்பிள் மேல்நோக்கி இருக்க வேண்டும் என்பது மிகச் சிறிய விடயம் போலத் தோன்றும். அக்சிலின் முன்பக்கமா பின்பக்கமா கலிப்பரைப் பூட்டுவது என்பதை மாற்றும்போது இடது கலிப்பரை வலதுபக்கம் போட்டுவிட்டால், நிப்பிள் கீழே போய், எத்தனை முறை பெடலை மிதித்தாலும் உள்ளே சிக்கிய காற்று வெளியேறாது. கலிப்பர்கள் இரண்டையும் மேசையில் வைத்து, நிப்பிள் எங்கே வருகிறது என்று பார்த்த பிறகே பிராக்கெட்டுக்கு அளவு எடுக்க வேண்டும்.

ஹாண்ட் பிரேக்தான் மூன்றாவது, நான்காவது தெரிவுகள் இரண்டினதும் பலவீனம். டிரம்மில் ஹாண்ட் பிரேக்குக்கும் அந்தத் தன்னிறுக்கம் உதவுகிறது. கலிப்பரில் சிறிய நெம்பு ஒன்று திருகைச் சுழற்றிப் பாட்டை அழுத்துவதே எல்லாம். எம்.ஜி.பி.யின் ஹாண்ட் பிரேக் பிடியும், அக்சிலில் உள்ள சமன்செய்யும் நெம்பும் டிரம்முக்கான இழுதூரத்துக்கு அமைக்கப்பட்டவை. வேற்றுக் காரின் கலிப்பருக்கு அந்தத் தூரம் போதாமற் போகலாம். சமதரையான யாழ்ப்பாணத்தில் இது தெரியவே வராது, கண்டியில் ஏற்றத்தில் நிறுத்தும்போது தெரியவரும். ஒற்றைச் சுற்றுக் காரில் ஹாண்ட் பிரேக்தான் எஞ்சியிருக்கும் ஒரே மாற்று வழி என்பதால், அதை மெலிவாக்கும் எந்த மாற்றமும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் பூட்டிய பிறகே நடக்க வேண்டும்.

உப்பையும் வெள்ளத்தையும் தனியே எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்த ஊரில் டிஸ்க்கின் பக்கம் உள்ள மிக வலுவான வாதமும் அதற்கு எதிரான மிக வலுவான வாதமும் இங்கேதான் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் நின்ற ஒழுங்கை ஒன்றைக் கடந்து வந்தால் டிரம்முக்குள் புகுந்த தண்ணீர் உடனே வடிவதில்லை. அடுத்த சில மிதிகளில் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பிடிக்காமல் கார் இழுக்கும். டிஸ்க்கோ ஒரு சுற்றிலேயே தண்ணீரை எறிந்துவிடும், மிச்சத்தைப் பாட் துடைத்துவிடும். நாள்தோறும் ஓடும் காருக்கு இது பெரிய நன்மை. ஆனால் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் நாள்தோறும் ஓடுவதில்லை. பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறைக்கோ பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்கோ ஞாயிற்றுக்கிழமை போய்வந்து, கழுவாமல் கொட்டகையில் விட்டுவிட்டால், திறந்திருக்கும் டிஸ்க் சில நாட்களிலேயே செம்மண் நிறமாகத் துருவேறிவிடும். மேலோட்டமான அந்தத் துரு அடுத்த ஓட்டத்தில் போய்விடும். கலிப்பர் நகர்வதற்கான வழுக்கு ஊசிகளிலும் ஹாண்ட் பிரேக் நெம்பிலும் ஏறும் துருதான் போகாது. ஊசி இறுகினால் ஒரு பாட் மட்டும் தேய்ந்து, டிஸ்க் ஒரு பக்கமாகச் சூடாகும். டிரம் அந்தளவுக்கு வெளிப்பட்டிருப்பதில்லை. அதற்கு உள்ள ஆபத்து, ஈரத்துடன் ஹாண்ட் பிரேக் போட்டு மாதக்கணக்கில் விட்டால் ஷூ டிரம்முடன் ஒட்டிக்கொள்வது. முதலாம் கியரில் போட்டுச் சில்லுக்குக் கல் வைத்துவிட்டால் அதுவும் இல்லை.

ஐந்தாவதாக, முழு அக்சிலையே டிஸ்க் உள்ள வேறொரு காரின் அக்சிலால் மாற்றுவதைப் பற்றியும் சிலர் பேசுவார்கள். அகலம், கியர் விகிதம், ஸ்பிரிங் இருக்கை எல்லாம் மாறும் அந்த வேலை பிரேக்குக்காகச் செய்யும் வேலையல்ல. ட்ரையம்ப் ஸ்பிற்பயர் வைத்திருப்பவருக்கோ எந்தத் தெரிவும் தேவையில்லை. 800 கிலோகிராமுக்கும் குறைவான அந்தக் காருக்கு 7 அங்குலப் பின் டிரம்மே தாராளம்.

ஆகவே, குடாநாட்டுக்குள் ஓடி, வருடத்தில் எப்போதாவது ஏ9 வீதியால் தெற்கே போய்வரும் முன் டிஸ்க் உள்ள காருக்கு நான் இரண்டாவது தெரிவையே சொல்வேன், அதற்குள் முதலாவதும் அடங்கியிருக்கிறது. அடிக்கடி மலைநாடு போகிறவரும், டிரம்கள் இரண்டும் கடையும் எல்லையைத் தாண்டிவிட்டவரும், காரை நாளாந்தம் மழையிலும் ஓட்டுகிறவரும் டிஸ்க்கைத் தெரிவு செய்வதில் நியாயம் இருக்கிறது. பணம் இருந்தால் மூன்றாவது, திறமான லேத் வேலைக்காரரும் பொறுமையும் இருந்தால் நான்காவது. எதுவானாலும் கழற்றிய டிரம், பின்தட்டு, ஷூ அனைத்துக்கும் ஒயில் தடவிச் சுற்றி வைக்க வேண்டும், ஏனெனில் பழைய காரை வாங்க வருபவர் அதன் சொந்தப் பாகங்கள் எங்கே என்று கேட்பார். காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் அறிவித்துவிட வேண்டும்.

டிஸ்க் பூட்டுபவர் மாஸ்டர் சிலிண்டரில் எச்ச அழுத்த வால்வு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நான்கு டிரம் உள்ள பழைய அமைப்புகளில் குழாய்க்குள் சிறிதளவு அழுத்தத்தைத் தக்கவைக்க அந்த வால்வு வைக்கப்பட்டது. டிஸ்க்கில் அது பாட்டை எந்நேரமும் உராய வைத்துச் சூடேற்றிவிடும். காரின் தரைத்தகட்டுக்குக் கீழே மாஸ்டர் சிலிண்டர் உள்ள மொறிஸ் மைனருக்கு டிஸ்க் பூட்டுபவருக்கு இது இன்னும் முக்கியம்: அங்கே வால்வை முற்றாக எடுத்துவிட்டால், கலிப்பரில் இருந்து ஒயில் மெல்ல மாஸ்டர் சிலிண்டருக்கு இறங்கி முதல் மிதி வெறுமையாகும் என்பதால், டிஸ்க்குக்கென்று செய்யப்பட்ட குறைந்த அழுத்த வால்வைப் போட வேண்டும்.

கடைசி வேலை சமநிலையைச் சோதிப்பது. பின் குழாயில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றைப் பூட்டியிருந்தால், அதன் திருகைப் பின்பக்கத்துக்கு மிகக் குறைந்த அழுத்தம் போகும் நிலையில் வைத்துத் தொடங்க வேண்டும். புதிய பாட்டுகள் டிஸ்க்கில் படிவதற்கு மிதமான வேகத்திலிருந்து, இடையிடையே ஆறவிட்டு, பல தடவை மெதுவாக நிறுத்திய பின், வாகனம் வராத நேரான வீதியில், மணிக்கு 40 கிலோமீற்றரிலிருந்து கடுமையாக நிறுத்தி, எந்தச் சில்லு முதலில் இழுபடுகிறது என்று வெளியே நிற்கும் ஒருவர் பார்க்க வேண்டும். முன்சில்லுகள் இழுபடும்போது பின்சில்லுகள் இன்னும் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். பின்சில்லு முந்தத் தொடங்கும் இடம் வரை திருகைச் சிறிது சிறிதாகத் திறந்து, அங்கிருந்து ஒரு முழுச் சுற்றுப் பின்வாங்கி, அதன் பூட்டு நட்டை இறுக்கிவிடலாம். இந்தச் சோதனையைக் காய்ந்த வீதியிலேயே செய்ய வேண்டும். ஈர வீதியில் கார் மெதுவாகவே வேகம் குறைவதால் பாரம் அவ்வளவாக முன்னே நகராது, பின்சில்லுகள் தரையை நன்றாகப் பிடித்திருக்கும். மழை நாளில் சரியாகத் தோன்றும்படி வைத்த திருகு, வெயில் நாளில் ஒருவர் முழு வலுவுடன் மிதிக்கும்போது பின்பகுதியைச் சுழற்றிவிடும்.